கேமும் படமும் ஒரே நெட்டில்: சேலத்து வீட்டிலும் ஏற்காட்டு வீட்டிலும் எங்கே தடுக்குகிறது?

மாடி அறையில் பிஎஸ்5-இல் கால்பந்து ஆட்டம். கீழே ஹாலில் 4கே படம். இணைப்பு 200 எம்பிபிஎஸ் திட்டம். ஸ்பீடு டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 190-க்குக் குறைவதில்லை. படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ஆட்டம் மட்டும் அவ்வப்போது திக்குகிறது. உடனே 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறுவார்கள். பில் கூடும், ஆட்டம் பழையபடி திக்கும்.

படத்துக்கும் ஆட்டத்துக்கும் நெட்டிடம் வேண்டியது வேறு வேறு. படம் ஓட்டும் ஆப், அடுத்த அரை நிமிடத்துக்கோ அதற்கு மேலேயோ தேவையான காட்சியை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். நடுவில் இரண்டு நொடி நெட் நின்றாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆட்டத்தில் அப்படி இழுத்து வைக்க எதுவும் கிடையாது. பட்டனை அழுத்திய பிறகுதான் அடுத்த காட்சியே உருவாகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவின் ஒரு சிறு பொட்டலம், 80 மில்லிநொடி தாமதித்தால் ஏறக்குறைய ஐந்து ஃபிரேம் கைவிட்டுப் போயிற்று. இத்தனைக்கும் ஆன்லைன் ஆட்டம் இழுக்கும் டேட்டா மிகச் சொற்பம், பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. படம் கேட்பது வேகத்தை. ஆட்டம் கேட்பது சீரான நேரத்தை. ஸ்பீடு டெஸ்ட் காட்டும் பெரிய எண் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறது.

சீரைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி அப்லோடு. கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று இரவு வீட்டிலுள்ள நான்கு போன்களும் படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். ரவுட்டரின் வெளிப்போக்கு வரிசை நிரம்பிவிடும். ஆட்டத்தின் சின்னஞ்சிறு பாக்கெட், ஏற்காடு மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பைக் மாதிரி அந்த வரிசையின் கடைசியில் ஊர்ந்து வரும். சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங்கை (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை மில்லிநொடியில் காட்டும் கட்டளை) விடாமல் ஓடவிட்டு, கூடவே ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். சும்மா இருக்கும்போது 20 காட்டிய எண் 200, 300 என்று எகிறினால் கோளாறு இதுதான். ரவுட்டரில் வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு, டவுன்லோடு இரண்டையும் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இது கிடைக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் போன்களின் பேக்கப்பை இரவு 1 மணிக்கு மேல் நடக்கும்படி மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். கூடுதல் வேகத் திட்டம் உண்மையாக உதவுவது கேம் டவுன்லோடுக்கு: 100 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும், 30 எம்பிபிஎஸ்ஸில் ஏழரை மணி நேரம் பிடிக்கும்.

நெட்டைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகள் எல்லாம் இயங்கும் நிலையில் டிவி தானாகவே 100 மில்லிநொடி வரை சேர்த்துவிடும். கேம் மோடுக்கு மாற்றினால் அது பத்து, பதினைந்துக்கு இறங்கும். புது டிவிகளில் ஏஎல்எல்எம் இருந்தால் கன்சோலை ஆன் செய்ததும் தானே மாறிக்கொள்ளும். பழைய டிவியில் ரிமோட்டை எடுத்து நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

காற்றில் ஒன்று, வயரில் ஒன்று

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் பெட்டியை எங்கே மாட்டுவார்? வாசல் பக்கம், வயர் உள்ளே நுழையும் இடத்தில், பெரும்பாலும் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே. அவருக்கு அது வசதி. மாடி அறைக்கு அங்கிருந்து ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும் தாண்டியாக வேண்டும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு செங்கல் சுவரைத் தாண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் பெரும்பகுதி செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டி வரும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி மாதிரி வீடுகள் நெருங்கிய பகுதியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினைந்து இருபது பெயர் வரும். அத்தனையும் இந்த மூன்றுக்குள் இடித்துக்கொண்டு நிற்பவை. புளூடூத் கன்ட்ரோலரும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. கன்ட்ரோலர் சொன்னபடி கேட்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கன்சோலின் முன்பக்கத்திலிருந்து பின்னால் மாற்றி, ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ரிமோட் பிளேயில் இந்தக் காற்றுச் சிக்கல் இரண்டு மடங்கு ஆகிறது. ஹாலில் இருக்கும் கன்சோல் காட்சியை வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, படுக்கையறையில் போனிலோ சோனியின் கைக் கருவியான போர்ட்டலிலோ ஆடுகிறீர்கள். இதற்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது சோனி. 15 என்பது பெரிய எண் அல்ல. ஆனால் கன்சோலும் வைஃபை, கையிலிருப்பதும் வைஃபை என்றால் ஒரே காட்சி கன்சோலிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து கைக்கு ஒருமுறை என்று ஒரே காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது. கன்சோலை வயரில் மாட்டுங்கள். வீட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் வயர் இழுக்க முடியும் என்றால் அது கன்சோலாகவே இருக்கட்டும். கைக் கருவியை 5 கிகாஹெர்ட்ஸில் நிறுத்த, இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

வயர் விஷயத்தில் கடையில் ஏமாறுவது அதிகம். கேட் 6 (கிகாபிட் நெட் வயரின் தரப் பெயர்) என்று அச்சிட்டு விற்பதில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. மடித்தால் ஒடியும், முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) இடத்தில் நாளாக நாளாகத் தளரும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், வாங்காதீர்கள். ஒரே நீளத்துக்கு நல்ல செம்பு வயர் கையில் கனமாகவும் இருக்கும். செம்பு வயரில் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் குறையாது. வீட்டுக்கு 20, 30 மீட்டர் போதும். 230 வோல்ட் வயர் போகும் பிவிசி பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம். அது பாதுகாப்பும் இல்லை, இரைச்சலும் ஏறும். மின் வயரைக் கடந்தாக வேண்டிய இடத்தில் குறுக்கே, செங்குத்தாகக் கடக்கட்டும். முனையில் இழைகளுக்கு டி568பி என்ற நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

மாட்டிய பிறகு ரவுட்டர் பக்கத்திலோ லேப்டாப்பிலோ இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாக உட்காரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்களே போதும்; மற்ற நான்கும் அறுந்தாலும் நெட் வேலை செய்யும், அதனால்தான் பழுது கண்ணில் படுவதில்லை.

வீட்டுக்குள் ஒரு படக் கிடங்கு

கன்சோலும் வீட்டுப் படச் சேமிப்பும் பிறப்பிலேயே உறவு. பிஎஸ்2-வை 2000-த்தில் டிவிடி பிளேயராகவே வாங்கியவர்கள் ஏராளம். 2006-இல் பிஎஸ்3 புளூ-ரேயைக் கொண்டுவந்தது. 2002-இல் முதல் எக்ஸ்பாக்ஸைத் திருத்தி அதில் படம் ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்தான் எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. வீட்டுப் படங்களை மற்ற திரைகளுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளான பிளெக்ஸ் அதிலிருந்து பிரிந்தது. எம்பி (Emby) என்ற அதே வகை மென்பொருளிலிருந்து 2018-இல் பிரிந்த ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஜெல்லிஃபினையே சொல்வோம்; வெளியூரிலிருந்து சொந்தப் படங்களைப் பார்ப்பதற்குப் பிளெக்ஸ் 2025 ஏப்ரல் முதல் பணம் கேட்கிறது.

சர்வர் என்றதும் பெரிய மெஷின் தேட வேண்டியதில்லை. இன்டெல் என்100 சில்லு உள்ள மினி பிசி, 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க், இவ்வளவே போதும். பழைய டெஸ்க்டாப் சும்மாதானே கிடக்கிறது என்று அதையே 24 மணி நேரமும் ஓடவிடுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அது 70 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 100 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட்டில் 100 அதற்கே போய்விடும். 10 வாட் மினி பிசிக்கு அதே இரண்டு மாதத்தில் 14 யூனிட்தான். ஆடும்போது 200 வாட் வரை எடுக்கும் பிஎஸ்5 தினம் மூன்று மணி நேரம் ஓடினால் 36 யூனிட்.

படம் சுற்றிக்கொண்டே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, சர்வர் ஃபைலை அப்படியே அனுப்புகிறதா, மாற்றி அனுப்புகிறதா என்பதை. ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைத் தொட்டால் காரணத்தோடு காட்டும். அப்படியே போனால் சர்வருக்கு வேலையே இல்லை. மாற்றினால் நொடிக்கு நொடி வீடியோவைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். சர்வர் பின்தங்குவது அங்கேதான். அமைப்புகளில், இன்டெல் சில்லுக்குள் வீடியோ மாற்றுவதற்கென்றே உள்ள குவிக் சிங்க் வசதியை இயக்கியிருந்தால் என்100 அதைச் சமாளிக்கும். இயக்காவிட்டால் சிபியு முழுவதும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

மாற்ற வேண்டிய நிலை ஏன் வருகிறது? நம் வீடுகளில் இரண்டு காரணம் அடிக்கடி தலைகாட்டும். ஒன்று டிடிஎஸ் ஒலி. சாம்சங் 2018 முதலும் எல்ஜி 2020 முதல் சில வருடங்களும் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை விட்டுவிட்டன. படம் ஓடும், சத்தம் வராது, அல்லது சர்வர் ஒலியை மாற்றித் தர வேண்டியிருக்கும். ஒலியை மட்டும் மாற்றுவது சின்ன வேலைதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது சப்டைட்டில், அதிலும் தமிழ் சப்டைட்டில். எழுத்துகளாக உள்ள எஸ்ஆர்டி ஃபைல் என்றால் டிவியே மேலே எழுதிக்கொள்ளும். புளூ-ரேயிலிருந்து வரும் படவடிவச் சப்டைட்டிலைப் பல டிவிகள் ஏற்காது. அப்போது சர்வர் அதை ஒவ்வொரு ஃபிரேம் மேலும் ஒட்ட வேண்டும், அதாவது மொத்த வீடியோவையும் மறுபடி கட்ட வேண்டும். ஒரு வரி எழுத்துக்காக 4கே படம் முழுவதும் அரைபடும். எழுத்துச் சப்டைட்டிலைச் சர்வர் ஒட்ட நேரும்போது அதில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சர்வரில் நிறுவுங்கள். எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் எழுத்து உடைவதும் நிற்கும்.

4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த படம் மட்டும் திக்கினால் சந்தேகம் டிவியின் வயர் துளை மேல் விழட்டும். விலை உயர்ந்த டிவிகளில்கூட அந்தத் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். 4கே புளூ-ரேயின் உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ் வரை போகும்; சராசரி 60 என்றாலும் சண்டைக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் 100-ஐத் தாண்டும். அந்த டிவிக்கு மட்டும் வயரைக் கழற்றிவிட்டு, ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொடுங்கள். வயர்தான் எப்போதும் உயர்ந்தது என்ற விதி உடையும் இடம் இது. கிகாபிட் துளை உள்ள கன்சோல் வழியாகப் பார்ப்பது இன்னொரு வழி: பிளெக்ஸ் ஆப் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் உண்டு. வீட்டு நெட்டில் உள்ள படங்களை ஆப் இல்லாமலே எடுத்து ஓட்ட பிஎஸ்3-இல் இருந்த டிஎல்என்ஏ பிஎஸ்5-இல் கிடையாது, அதைத் தேடி நேரம் கழிக்காதீர்கள்.

சூடு, பஞ்சு, இடி

பிஎஸ்5-க்குச் சோனி சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் சேலத்து மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை மாலை 6 மணிக்கும் அந்த 35-ஐத் தாண்டியே இருக்கும். பகலெல்லாம் தளம் குடித்த வெயில் அப்போதுதான் உள்ளே இறங்குகிறது. கன்சோலை டிவி யூனிட்டின் கண்ணாடிக் கதவுக்குள் வைத்தால், தான் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி இழுக்கும். சுற்றிலும் 10 செ.மீ. இடம், பின்பக்கம் திறந்த தட்டு, இரண்டும் கட்டாயம்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கத்தில் தறி ஓடும் தெருக்களில் இன்னொரு சிக்கல் சேரும். காற்றில் மிதக்கும் பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி உதிராது. ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் ஒரு பாய் போலப் படியும். ஃபேன் சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவது அதன் அடையாளம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே தூசி சேர்வதற்கென்றே விட்டிருக்கும் இரண்டு துளைகளிலும் வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தறிப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும்.

ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை. அங்கே ஈரமும் இடியும். குளிர்ந்த அறையில் இருந்த கன்சோலைப் பையில் போட்டு மலையிறங்கி, சேலத்துப் புழுக்கத்தில் திறந்ததும் ஆன் செய்தால், குளிர்ந்த தகடுகள் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்திருக்கும். இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். மேலே ஏறும்போது இந்தப் பயம் இல்லை.

கோடை இடிமழையில் கன்சோல்களில் அதிகம் எரிவது எச்டிஎம்ஐ சில்லு. பிஎஸ்5-இன் பவர் வயர் இரண்டு பின்தான், எர்த் கிடையாது. அதன் உடம்புக்குத் தரைத் தொடர்பு கிடைப்பது எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவியோடும், டிவியில் மாட்டிய செட்டாப் பாக்ஸோடும், அங்கிருந்து வெளியே கம்பத்துக்குப் போகும் கேபிள் டிவி வயரோடும். பக்கத்தில் இடி இறங்கினால் அந்த வழியாகவே உள்ளே வரும். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்டிஎம்ஐயையும் கேபிள் டிவி வயரையும் கழற்றினால்தான் பாதுகாப்பு. மறுபடி மாட்டும்போது எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் பாதுகாப்பு உள்ள ஸ்பைக் பஸ்டரும் பாதி வேலைகூடச் செய்யாது. பாறை நிலமான மலையில் எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். எஸ்டேட்டில் பங்களாவுக்கும் தள்ளியிருக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் நடுவே சில்வர் ஓக் மரங்களில் செம்பு நெட் வயரைக் கட்டி இழுப்பது இடியை வரவேற்பதாகும். அங்கே ஃபைபர் இழுத்து இருமுனையிலும் ஃபைபரைச் செம்பு நெட் வயரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். தாங்குகம்பி இல்லாத ஃபைபராக இருந்தால் இன்னும் நல்லது.

கரண்ட் போவது இரண்டு ஊருக்கும் பொது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வைத்துவிட்டால் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும் சில மணி நேரம் நெட் நிற்காது. கன்சோலை இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டர், யுபிஎஸ் மோடு. ஸ்கொயர் வேவில் ஓட்டாதீர்கள். கேம் சேமிக்கும் நேரம் கரண்ட் போய், அடுத்த முறை பிஎஸ்5 சரியாகத் திறக்கவில்லை என்றால், அணைந்த நிலையில் பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை ஏழு நொடி அழுத்திப் பிடித்து சேஃப் மோடுக்குப் போய், டேட்டாபேஸை மறுபடி கட்டும் தேர்வைக் கொடுங்கள். கேம்கள் அழியாது.

சேலத்தில் கன்சோல், மலையில் திரை

வார இறுதியில் ஏற்காட்டிலிருந்து சேலத்து வீட்டுக் கன்சோலில் ஆட முடியுமா? முடியும். தூரம் சுமார் 30 கி.மீ.தான், ஆனால் பாக்கெட் அந்த வழியாகப் போவதில்லை. கீழே ஒரு நிறுவனத்தின் ஃபைபர், மேலே இன்னொன்றின் மொபைல் நெட் என்றால் இரண்டும் கைமாறும் இடம் சென்னையாகவோ மும்பையாகவோ இருக்கும். ஃபைபரில் ஒளி 200 கி.மீ.க்கு ஒரு மில்லிநொடி எடுக்கும், ஆகவே சென்னை சுற்றி வந்தாலும் தூரத்தால் ஆவது சில மில்லிநொடிதான். கெடுப்பது மொபைல் டவரின் ஏற்ற இறக்கம். மூடுபனிச் சனிக்கிழமை மாலை சுற்றுலாக் கூட்டம் முழுவதும் ஒரே டவரில் இருக்கும்போது சண்டை ஆட்டமும் கார் பந்தயமும் வேண்டாம். முறை வைத்து ஆடும் ஆட்டங்கள் தாக்குப்பிடிக்கும். தெளிவை 720பி-க்கு இறக்கி வைத்துத் தொடங்குங்கள்.

படச் சர்வரை வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்றால் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது வெளி இணையத்தின் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டிருக்கிறது. போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) எத்தனை முறை செய்தாலும் பலன் இராது. 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர், பெரும்பாலும் ஃபைபர் பெட்டியே, வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டு நெட்டை அப்படியே கடத்தும் நிலையில், போடச் சொல்லுங்கள். முதல் வகைக்கு டெயில்ஸ்கேல் என்ற ஆப் எளிய வழி: சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டு நெட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும். சர்வரை நேராக இணையத்துக்குத் திறந்து வைப்பதைவிட இது பாதுகாப்பும்கூட. ஜெல்லிஃபினில் அந்தப் பயனருக்கு வெளியூர் வேக வரம்பை 3 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 720பி படம் அதற்குள் அடங்கும், இரண்டு மணி நேரப் படத்துக்கு மூன்று ஜிபிக்கும் குறைவாகவே டேட்டா செலவாகும். நாகலூர் பக்கம் சிக்னலே நிற்காத இடங்களுக்குப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே டேப்லெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். ஜெல்லிஃபின் ஆப்பில் ஒவ்வொரு படத்துக்கும் டவுன்லோடு பட்டன் உண்டு.